கட்சி மாறச் சொன்ன சண்முகவடிவு

வடிவு இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்கும் வடிவேதான் காரணம்.

அன்று காலை எங்கள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஒரு கல்லூரிப் பெண் படுத்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பயிற்சிக்கு வந்திருந்த சிலரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் உதவியாளர் முப்பிடாதி கதவைத் திறந்து உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். சுவரோரம் போய் நின்றுகொண்டார். என்ன என்று சைகையில் கேட்டேன். ஸ்கேன் முடியட்டும் என்று கையைக் காட்டினார். இயந்திரத்துக்குள் படுத்திருப்பவருக்கு உலகத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு ஹெட்போனில் கேட்கும் நம் குரல். அது நடுங்கினால் அவர் பயந்துபோவார். ஆகவே கூரையே இடிந்து விழுந்தாலும் ஸ்கேன் முடிந்த பிறகுதான் எங்களிடம் சொல்ல வேண்டும் என்பது வடிவு போட்ட சட்டம். முப்பிடாதி அந்தச் சட்டத்தை வடிவுக்கே கடைப்பிடித்தார். அந்தப் பெண் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "நல்லாப் படுத்திருந்தேனா சார்?" என்று கேட்டு, நான் பாராட்டி அனுப்பிவைத்த பிறகு சொன்னார்: "வடிவு மேடம் போயிட்டாவ சார். விடியக்காலம், தூக்கத்துலயே. அவிய தம்பி போன் பண்ணுனாவ."

எங்களிடம் பயிற்சி பெற்று, இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேரின் தலையில் பசை பூசி உட்கார வைத்தவர் அவர். மீதிப் பேரையும் அவர் விட்டிருக்க மாட்டார். அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். டாக்டர் சண்முகவடிவு நரம்பியல் மருத்துவர், கல்லிடைக்குறிச்சிக்காரர். மண்டைமேல் பொத்தான் பொத்தானாக மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அவருடைய துறை. நான் சுடலைமுத்து, சாத்தான்குளத்துக்காரன், எம்.ஆர்.ஐ. படித்த இயற்பியல்காரன். மூளையில் ஒரு காரியம் எப்போது நடக்கிறது என்று இ.இ.ஜி. துல்லியமாகச் சொல்லும், எங்கே என்பதில் தடுமாறும். எங்கே என்று எம்.ஆர்.ஐ. அழகாகக் காட்டும், ஆனால் ரத்தம் அங்கே ஓடிச் சேரும்வரை காத்திருந்துதான் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த ஆராய்ச்சியாளர்களைப் பழக்குவது பாளையங்கோட்டையில் எங்கள் மையத்தின் வேலை. உளவியல்காரர், பொறியாளர், மருத்துவர் என்று ஒவ்வோர் ஆண்டும் பல ஊர்களிலிருந்து வருவார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாது. எங்கள் இருவருக்கே முதலில் புரியவில்லை.

முதல் வருடம் முதல் வகுப்பிலேயே வடிவு என்னை வம்புக்கு இழுத்தார். "முத்து சார் எடுக்கது போட்டோ. நான் கேக்கது பேச்சு. போட்டோ பேசுமா?" என்றார் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து. நானும் விடவில்லை. "டாக்டரம்மா வீட்டுக்கு வெளிய நின்னு சுவருல காத வச்சு ஒட்டுக் கேக்காவ. நான் கதவத் திறந்து உள்ள போயிருதேன்" என்றேன். வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் வாக்குவாதம் நீண்டது. கடைசியில் ஒரு பையன் எழுந்து, "ரெண்டு பேருல யாரு சொல்றது சரி?" என்று கேட்டுவிட்டான். வடிவு கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணு செய்வோம் வே. சாப்பிட்டு வந்து என் கட்சிய நீரு பேசும். உம்ம கட்சிய நான் பேசுதேன்" என்றார்.

'வே' என்பது எங்கள் ஊரில் ஆண்கள் ஆண்களுக்குப் போடுகிற சொல். ஒரு பெண், அதுவும் ஒரு டாக்டர், மாணவர்கள் முன்னால் என்னை 'வே' போட்டுக் கூப்பிட்டது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியிலேயே சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் இ.இ.ஜி.யின் பெருமையைப் பேசினேன். மகா மோசமாகப் பேசினேன். எனக்கு அதைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அப்புறம் வடிவு எழுந்து என் எம்.ஆர்.ஐ.க்காகப் பேசினார். நான் பேனாவை எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். என் இயந்திரத்தைப் பற்றி நான் இருபது நிமிடம் சுற்றி வளைத்துச் சொல்வதை அவர் நாலு வாக்கியத்தில் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கட்சி மாறுற நேரம்'. எம்.ஆர்.ஐ. குழு இ.இ.ஜி.க்காகவும், இ.இ.ஜி. குழு எம்.ஆர்.ஐ.க்காகவும் வாதாட வேண்டும். அரைகுறையாகப் பேசினால் வடிவு உட்கார வைத்துவிடுவார். "எதிராளி கேட்டு, ஆமா இதத்தான் நான் சொல்லுதேன்னு தலையாட்டணும். அதுவரைக்கும் நீ பேசுனது அவன் கட்சி இல்ல" என்பார்.

வாதாடுவதற்கு முன்னால் உழைப்பு உண்டு. எந்தப் பேராசிரியராக இருந்தாலும் முதல் நாள் சொந்தத் தலையைக் கொடுக்க வேண்டும். இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும், பசை பூசிக்கொண்டு உட்கார வேண்டும், பிறகு குழாயடியில் தலையை அலச வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய பொறியாளர் முடியை வாரிய சீரைப் பார்த்தே இவர் தப்பிக்கப் பார்ப்பார் என்று நான் நினைத்தேன். வடிவு அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு சங்கதி எண்ணெய். ஆராய்ச்சிக்குத் தலை கொடுக்கச் சம்மதித்து வருகிற எங்கள் பக்கத்து ஜனங்கள், பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று மரியாதையாகத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார்கள். மின்முனை ஒன்றுகூட ஒட்டாது. முதல் நாள் போன் போட்டு, "எண்ணெ தேய்க்காம வாங்க" என்று சொல்வதை ஒரு பாடமாகவே வடிவு வைத்திருந்தார். சொன்னாலும் சிலர் கேட்பதில்லை. ஒரு அம்மாள், "வெறுந்தலையோட எப்பிடிம்மா வெளிய வாரது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். வடிவு அவருக்குத் தானே தலை தேய்த்துவிட்டு, பதிவெல்லாம் முடிந்தபின் தன் பையிலிருந்து எண்ணெய் எடுத்து வைத்து, சடை பின்னி அனுப்பினார்.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே ஒரு டப்பாவில் மஞ்சள் கயிற்று உருண்டையும் விரலி மஞ்சள் துண்டுகளும் இருக்கும். அதுவும் வடிவின் ஏற்பாடுதான். உள்ளே உலோகம் எதுவும் போகக்கூடாது, தாலிச்சங்கிலியைக் கழற்ற வேண்டும் என்றதும் பெண்களின் முகம் மாறிவிடும். கணவர் பக்கத்தில் இருந்தால் அவர் முகமும் மாறும். வடிவு விளக்கவுரை நடத்தமாட்டார். கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, "இதக் கட்டிக்கிட்டு அதக் கழட்டு தாயி" என்பார். ஆராய்ச்சி முறைகள் பற்றிய எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை. எங்களுடையதில் எழுதியே வைத்திருக்கிறோம்.

அவருக்குக் கோபம் வரும். ஆனால் தவறு செய்தவர்மேல் வராது, தவறை மூடியவர்மேல் வரும். இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்கிப் பதிவு செய்த ஒரு பையன், மூளையில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு தாளம் கிடைத்திருக்கிறது என்று துள்ளிக் குதித்து வந்தான். வடிவு திரையைப் பார்த்தார். அவன் மணிக்கட்டை எடுத்து அவன் விரலையே நாடியில் வைத்தார். "பைய எண்ணு" என்றார். திரையில் ஓடிய தாளமும் ஏறக்குறைய அதே வேகம். எண்ண எண்ண அவன் முகம் சுருங்கியது. காந்தத்துக்குள் நாடி துடிக்கும்போது மின்முனைக் கம்பியும் கூடவே அசையும். அவன் கண்டுபிடித்தது இதயத்தை. "போகட்டும், உள்ள படுத்திருந்தவரு உயிரோட இருக்காருன்னாவது தெரிஞ்சுதே" என்று வடிவு சொல்ல, அவனும் சேர்ந்து சிரித்தான். அவன் இப்போது அந்த இதயத் துடிப்பைக் கழித்தெடுக்கும் வேலையிலேயே பெயர் வாங்கியிருக்கிறான்.

செல்லத்துரையின் விஷயத்தைச் சொல்லாமல் வடிவைச் சொல்ல முடியாது. எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று செல்லத்துரையே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

செல்லத்துரை திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வலிப்பு நோய்க்காரர். அவருக்கு வருவது கீழே விழுந்து கைகால் உதறுகிற வலிப்பு இல்லை. டிக்கெட்டைக் கிழித்த கையோடு அப்படியே நின்றுவிடுவார். வாய் திறக்காது. ஆட்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்தார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கி டிப்போவில் உட்கார வைத்துவிட்டார்கள். மாத்திரைக்கு அடங்காததால் வெளியூரில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார்கள். வலிப்பு கிளம்பும் இடம் இடது பக்கப் பொட்டுக்கு உள்ளே இருந்தது. பெரும்பாலோருக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கும். சிலருக்கு மட்டும் வலது பக்கம் இருக்கும். செல்லத்துரையின் பேச்சு வலது பக்கம் என்றால் இடது பக்கத்தில் தாராளமாக வெட்டி எடுக்கலாம். இடது பக்கம் என்றால் ஒதுங்கி ஒதுங்கித்தான் வெட்ட வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள்.

வந்தவர் எங்கள் கருவிகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வடிவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வலிப்பு நின்னா சந்தோசந்தான் டாக்டரம்மா. ஆனா வாய் போயிருமா? வாய் போச்சுன்னா நான் என்ன மனுசன்?"

"அதப் பாக்கத்தான் நாங்க இருக்கோம் தம்பி" என்றார் வடிவு. அவர் யாருக்கும் லேசில் வாக்குக் கொடுப்பவர் இல்லை. அன்றும் கொடுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அந்த வருடத்துப் பயிற்சிக் குழு இரண்டாகப் பிரிந்து வேலையைத் தொடங்கியது. இ.இ.ஜி. குழு அவருக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னது. வெளிநாட்டுப் படத் தொகுப்பில் பனி பொம்மையும் பனிச் சறுக்குக் கட்டையும் இருந்தன. செல்லத்துரை அவற்றைப் பார்த்து விழித்தார். அதனால் டிபன் கேரியர், பம்பு செட், பனங்கிழங்கு, டிக்கெட் பை என்று நம் பக்கத்துப் படங்களாக மாற்றினார்கள். எம்.ஆர்.ஐ. குழுவுக்கு வேறு தலைவலி. வாய் அசைந்தால் தலை அசையும், தலை அசைந்தால் படம் கெடும். மனசுக்குள்ளேயே சொல்லச் சொல்லலாம் என்றால், சொல்கிறாரா இல்லை தூங்குகிறாரா என்று எப்படித் தெரியும்? அப்போது வடிவுதான் யோசனை சொன்னார். "அவரு கண்டக்டரு. ஸ்டாப்பு பேரு எல்லாத்தையும் வரிசையா மனசுக்குள்ள சொல்லச் சொல்லுங்க. அதுல தடுமாறவே மாட்டாரு." சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். செல்லத்துரை துளி அசையாமல் படுத்து மனசுக்குள்ளேயே பஸ் ஓட்டினார். அவ்வளவு சுத்தமான படம் நான் அதற்கு முன் எடுத்ததில்லை. நான் அதைத் திரையில் வைத்து வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு குழுவும் ஒரே மேசைக்கு வந்தபோது வில்லங்கம் தெரிந்தது. இ.இ.ஜி. பேச்சு இடது பக்கம் என்றது. என் அழகான படம் வலது பக்கம்தான் அதிகம் என்றது.

எங்கள் தொழிலில் இப்படி வந்தால் முதலில் சந்தேகப்படுவது இடம் வலம் மாறிவிட்டதோ என்பதைத்தான். சில கணினிகள் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிக் காட்டும். அதற்காகவே படுப்பவரின் வலது பொட்டில் ஒரு வைட்டமின் மாத்திரையை ஒட்டிவிடுவோம். உள்ளே எண்ணெய் இருக்கும் மாத்திரை, படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். புள்ளி வலது பக்கம் சமத்தாக உட்கார்ந்திருந்தது. படம் திரும்பவில்லை.

அப்புறம் சண்டைதான். என் குழு, மண்டை ஓட்டுக்கு வெளியே கேட்பதை நம்பி ஒரு மனிதனின் பேச்சை முடிவு செய்வதா என்றது. அவர் குழு, ரத்தம் வந்து சேரும்வரை காத்திருக்கும் படத்துக்கு என்ன தெரியும் என்றது. நான் என் படத்தை விட்டுக் கொடுப்பதாக இல்லை. அறிக்கை அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் பேச்சை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் அங்கே தாராளமாக வெட்டியிருப்பார்கள். செல்லத்துரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வடிவு மணியைப் பார்த்தார். "எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. அதுக்கப்புறம் கட்சி மாறுங்க" என்றார்.

என் குழுவில் நூர்ஜஹான் என்று ஒரு பெண் இருந்தாள். கடையநல்லூர்க்காரி, பொறியியல் படித்தவள், அதிகம் பேசமாட்டாள். இ.இ.ஜி.க்காக வாதாடும் முறை அவளுக்கு வந்தது. அவள் சாப்பிடப் போகவில்லை. செல்லத்துரை உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவர் பார்த்த அதே படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடையநல்லூரிலிருந்து தென்காசி வரை ஸ்டாப் பெயர்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிறகு வகுப்பில் எழுந்து நின்றாள்.

"மேடம், படத்தப் பாத்து பேரு சொல்லும்போது ஒவ்வொண்ணையும் தேடி எடுக்க வேண்டியிருக்கு. ஸ்டாப்பு பேரு சொல்லும்போது ஒண்ணுமே தேடல. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அது பாட்டுக்கு வருது. இ.இ.ஜி. ரூம்ல நாம அவரப் பேசச் சொல்லிருக்கோம். எம்.ஆர்.ஐ. ரூம்ல ஒப்பிக்கத்தான் சொல்லிருக்கோம். ரெண்டு மெஷினும் பொய் சொல்லல மேடம். நாமதான் ரெண்டுட்டயும் வேற வேற கேள்வி கேட்டுட்டோம்."

ஸ்டாப் பெயர் யாருடைய யோசனை என்று எல்லோருக்கும் தெரியும். பழகிப்போன பேச்சு மூளையின் இரண்டு பக்கமும் பரவிக்கிடக்கும், வலது பக்கமே கூட அதைச் சமாளிக்கும் என்பது வடிவு பாடமாக நடத்துகிற விஷயம். நான் வடிவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்கள் அகல விரிந்தன. பிறகு இரண்டு கையையும் சேர்த்துத் தட்டி, அடுத்த அறைவரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"என்னைய பிடிச்சிட்டா வே! இந்தப் பிள்ள என்னைய பிடிச்சிட்டா!"

அப்புறம் சிரிப்பு அடங்கி, "எல்லாரையும் கட்சி மாறச் சொன்னேன். நான் மட்டும் நீதிபதி மாதிரி மேல உக்காந்துக்கிட்டேன். அதான் தெரியல" என்றார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்த வருடத்திலிருந்து நடுவர் நாற்காலி எடுக்கப்பட்டது. வடிவும் நானும் பிள்ளைகளோடு பிள்ளைகளாகக் கட்சி மாறினோம்.

செல்லத்துரையை மறுபடி உள்ளே படுக்கவைத்தோம். இந்த முறை அதே பம்பு செட், அதே பனங்கிழங்கு, அதே கேள்வி. தலை கொஞ்சம் அசைந்தது, படமும் அவ்வளவு அழகாக வரவில்லை. ஆனால் இரண்டு கருவியும் ஒரே பக்கத்தைக் கைகாட்டின. பேச்சு இடது பக்கம்தான், வெட்டப்போகும் இடத்துக்குப் பக்கத்து வீடு. அப்படியே எழுதி அனுப்பினோம். அங்கே அவரை விழிக்கவைத்து, பேசவைத்துக்கொண்டே, ஒதுங்கி ஒதுங்கி அறுவை செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அதன்பின் சில நாள் ஒரு தகவலும் இல்லை. ஒரு மதியம் அவர் மனைவி போன் செய்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று வடிவு ஒலிபெருக்கியைப் போட்டார். செல்லத்துரை போனை வாங்கி, எங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்து, கணீரென்று ஆரம்பித்தார்: "சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடக்குறிச்சி..." பாபநாசம்வரை ஒரு மூச்சில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் கைதட்டப் போனார்கள். வடிவு கையை உயர்த்தித் தடுத்தார். அவர் நெற்றியில் வேர்வை இருந்தது.

"அது கெடக்கட்டும் தம்பி. காலைல என்ன சாப்பிட்டிய?"

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. நூர்ஜஹான் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பையப் பைய ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கஞ்சி. கஞ்சி குடுத்தாவ. உப்பே இல்லம்மா."

கத்திவிட்டோம். உப்பில்லாத கஞ்சிக்கு அப்படி ஒரு கொண்டாட்டம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. வடிவு போனை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் மரத்தடியில் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். திரும்பி வந்து, "உப்பு போடச் சொல்லி அந்த ஆஸ்பத்திரிக்கு யாராவது போன் பண்ணுங்க வே" என்றார்.

செல்லத்துரை இப்போது அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் நேரம் சொல்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார். எப்போதாவது லேசாக ஒன்று வந்துபோகும் என்றாலும் நிம்மதியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் வடிவு வகுப்பெடுக்கப் பஸ்ஸில்தான் வந்து போனார். பாபநாசம் போகும் வழியில் அவருடைய ஊர் முன்னாலேயே வந்துவிடும். ஆனாலும் சில நாள் இறங்காமல் அம்பாசமுத்திரம்வரைக்கும் போய், செல்லத்துரையோடு டீ குடித்துவிட்டுத் திரும்புவார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சாப்பாடு பத்தித்தான்" என்றார்.

அவருக்கு நிறைவான வாழ்க்கை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. போன மாதம்கூட ஒரு கட்சி மாறும் நேரத்தில் என் எம்.ஆர்.ஐ.க்காக வாதாடி, எனக்கே தெரியாத ஒரு நியாயத்தை எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த மாதிரி ஒரு ஆள் எதிர்க்கட்சியில் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

செய்தி வந்த அன்று நண்பகல் கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். நம் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நூர்ஜஹான் இப்போது எங்களோடு பாடம் நடத்துகிறாள். அவள் பெண்களோடு உள்ளே இருந்தாள். நான் வாசலில் போட்டிருந்த பந்தலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல சாவு. கஷ்டப்படாமப் போயிட்டாவ. அவிய மாதிரி இனி யாரு. எல்லாம் ஆண்டவன் கையில. ஒவ்வொருவரிடமும் இதே வரிசையில், ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நன்றாகத் தாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றுகூட நினைத்தேன்.

செல்லத்துரை பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். கழுத்தில் பழைய கண்டக்டர் விசில் தொங்கியது. கொஞ்சம் தள்ளி நின்று நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் வந்தார். அவரிடமும் நான் ஆரம்பித்தேன். "நல்ல சாவுப்பா. கஷ்டப்படாம..."

"அது கெடக்கட்டும் சார்" என்றார் அவர். "காலைல என்ன சாப்பிட்டிய?"

நான் வாயைத் திறந்தேன். அந்தக் காலையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இயந்திரத்துக்குள் படுத்திருந்த பெண், சுவரோரம் நின்ற முப்பிடாதி, அவர் முகம், அவர் சொன்னது, மேசைமேல் திறக்காமலே இருந்த என் டிபன் டப்பா. எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"ஒண்ணும் சாப்பிடலப்பா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தார். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வடிவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. ஒன்று அவருடைய கட்சி. இனி எந்த வகுப்பிலும் இ.இ.ஜி.க்காக நான்தான் பேசுவேன், அவர் கேட்டால் தலையாட்டும்படி பேசுவேன். என் எம்.ஆர்.ஐ.க்கு ஆள் வேண்டுமே என்றபோது நூர்ஜஹான், "உங்க கட்சிய நான் பேசுதேன் சார், கவலப்படாதீங்க" என்றாள். இன்னொன்று, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற அந்தக் கேள்வி. இப்போதெல்லாம் இயந்திரத்திலிருந்து யார் எழுந்து வந்தாலும் அதைக் கேட்கிறேன். அவர்கள் கொஞ்சம் நின்று, தேடி, பதில் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வடிவைப் பார்த்துக்கொள்கிறேன்.